அமெரிக்கக் கறுப்பினப் பாடகி, பியானோ கலைஞர் நினா சிமோன் பொறந்த ஊருக்குப் போனவங்க யாராவது இருக்கீங்களா?

நான் போயிருக்கேன். நார்த் கரோலினால ட்ரையான், ஸ்பார்ட்டன்பர்க்ல இருந்து ஆஷ்வில் போற வழியில கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குற குட்டி ஊரு, ரெண்டாயிரம் பேர் கூட இல்ல. 1933ல யூனிஸ் வேமன்ங்கற இயற்பேரோட அவங்க பொறந்த வீடு ஈஸ்ட் லிவிங்ஸ்டன் தெருவுல இன்னும் நிக்குது, மூணே மூணு ரூம் மரவீடு. கவனிப்பாரில்லாம கெடந்ததை 2017ல நாலு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 95,000 டாலருக்கு வாங்கிக் காப்பாத்தினாங்க, அவங்களுக்குப் பெரிய கும்பிடு.

அங்க நின்னப்ப மனசுல ஓடினது அந்த லைப்ரரி கச்சேரி தான். பதினொண்ணு பன்னெண்டு வயசுப் பொண்ணு பியானோ முன்னாடி உக்காந்திருக்கு, முன் வரிசைல இருந்த அப்பா அம்மாவை எழுப்பிப் பின்னாடி அனுப்பிட்டு வெள்ளைக்காரங்களை உக்கார வைக்கிறாங்க, அவங்களை மறுபடி முன்னாடி கொண்டாந்தா தான் வாசிப்பேன்னு அந்தப் பொண்ணு சொல்லிருச்சு. 1964ல மிசிசிப்பி மாநிலத்துல நடந்த இனவெறிக் கொடுமை பத்தி அவ்ளோ கோவமா பாடுனவங்களை அந்தச் சின்ன வயசுலயே பார்த்தாச்சுங்க. இதே ஊரு தான் அவங்க படிப்புக்கு ஃபண்டும் திரட்டிச்சு. ரெண்டும் உண்மை, ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க என்னால முடியல.

——

அண்ணா, டவுன்ல சிலை பார்த்தீங்களா? 2010ல வச்சது. வெண்கலத்துல உக்காந்து வாசிக்கிறாங்க, கீபோர்டு மட்டும் அந்தரத்துல அலை மாதிரி வளைஞ்சு போகுது. நெஞ்சுக்குள்ள ஒரு வெண்கல இதயம் வச்சு அதுல அவங்க அஸ்தி கொஞ்சம் இருக்குன்னு தெரிஞ்சதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, ஃபோட்டோ கூட எடுக்கத் தோணல.

——

நான் ஊருக்குப் போனதில்ல, ஆனா பாட்டு வழியா அந்த ஊரைக் கேட்டிருக்கேன்னு சொல்லலாம். முதல் ஆல்பத்துல ‘லவ் மீ ஆர் லீவ் மீ’ கேளுங்க, நடுவுல பியானோ சோலோ வரும்போது ஜாஸ் அப்படியே பாக் (Bach) எழுதின மேற்கத்திய கிளாசிக்கல் இசை மாதிரி மாறும், ரெண்டு கையும் தனித்தனியா பேசிக்கும். அது ட்ரையான்ல மிஸ் மேஸின்னு அவங்க கூப்பிட்ட டீச்சர் போட்ட அஸ்திவாரம். ஆசைப்பட்டது கச்சேரி பியானிஸ்ட் ஆகணும்னு தான், பிலடெல்பியால இருக்குற கர்ட்டிஸ் இசைக் கல்லூரில இடம் கொடுக்கல, அப்புறம் அட்லாண்டிக் சிட்டி பார்ல வாசிக்கப் போய், அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்னு தான் பேரையே மாத்திக்கிட்டாங்க. அதே கர்ட்டிஸ் 2003ல கௌரவப் பட்டம் கொடுத்துச்சு, சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி. எனக்கு இன்னும் ஆறலங்க.