ஞாயித்துக்கிழமை விதைப்பு

பெரியப்பா: சனி ராத்திரியிலிருந்து மழைன்னு செய்தியில சொல்றான். பின்னாடி இடத்தை என்ன பண்றதா உத்தேசம்?

தம்பி: பூவிதை தூவணும்னு அத்தை சொன்னாங்கள்ல

சித்தப்பா: எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு

பெரியப்பா: அப்ப நாளைக்கே ஆள் விட்டு ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திப் போட்டுரலாம்

அத்தை: அண்ணே வேண்டாம், கொத்தாதீங்க! மூணு வாரம் முன்னாடி தண்ணி விட்டு, முளைச்ச களையை எல்லாம் தம்பி மேலாக்கச் செதுக்கி எடுத்திருக்கான். இப்பக் கொத்தினா அடியில தூங்குற களைவிதை அத்தனையும் வெளிச்சத்துக்கு வந்துரும். அவன் பட்ட பாடு வீணாப் போகும். மேல்மண்ணை லேசாக் கீறிவிட்டாப் போதும்.

தம்பி: கை காப்புக் காய்ச்சிருச்சு 🙏

சித்தப்பா: எரு ஒரு வண்டி சொல்லவா

சித்தி: போன வருஷம் கொட்டினது போதாதா

நான்: முழங்கால் உயரத்துக்குப் புல்லு சித்தப்பா

சித்தப்பா: நல்லதுக்குத்தானே கொட்டினேன்

அத்தை: உன்னைக் குத்தம் சொல்லலைடா. காட்டுப்பூவுக்கு மெலிஞ்ச மண்ணுதான் தோது. எரு போட்டா புல்லுதான் முதல்ல குடிச்சு வளரும், தும்பையும் விஷ்ணுகிரந்தியும் அதுக்கு அடியில மூச்சு முட்டிச் செத்துரும்.

பெரியப்பா: விதை எவ்வளவு இருக்கு?

அத்தை: அம்மா வச்ச டப்பாவுல இருந்தது பாதி, நானும் இவளும் சேர்த்தது பாதி. தும்பைப் பூ காய்ஞ்சதும் கவுத்துத் தட்டினோம், ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் நாலு நாலாக் கொட்டுச்சு. நம்ம இடம் 200 சதுர அடி, 19 சதுர மீட்டர் கிட்ட வரும். மீட்டருக்கு 3 கிராம்னு வச்சா 60 கிராம் தாராளம். காய்ஞ்ச மணல்ல கலந்து கிழக்கு மேற்கா ஒரு தடவை, வடக்கு தெற்கா ஒரு தடவை தூவணும். மணல் வெள்ளையாத் தெரியும், விட்டுப்போன இடம் கண்ணுக்குப் படும்.

சித்தி: வடக்குன்னா கல்லு நட்டதுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா மதினி

பெரியப்பா: அதை இங்க பேச வேண்டாம்

சித்தி: கேட்டேன், அவ்வளவுதான்

நான்: அப்பத்தா அந்த இடத்துல நிக்கிற போட்டோ யாருகிட்டயாவது இருக்கா?

சித்தப்பா: இருக்கு தேடி அனுப்புறேன்

தம்பி: தூவினதும் மண்ணு மூடணுமா

அத்தை: மூடக்கூடாது. பொடி விதை, மேலயே கிடக்கணும். காலால மிதிச்சு மண்ணோட ஒட்ட வச்சாப் போதும். மிதிக்காம விட்டா எறும்பு சுமந்துட்டுப் போயிரும்.

தம்பி: சரி

பெரியப்பா: மழை ஏமாத்திட்டா?

அத்தை: அதுக்குத்தான் யோசனை பண்ணியிருக்கேன் அண்ணே. ஆவாரைக்கும் கொழிஞ்சிக்கும் தோல் கெட்டி, தண்ணி உள்ள இறங்காது. கொதிச்ச தண்ணியை அடுப்பிலிருந்து இறக்கி, அதுல போட்டு ராத்திரி முழுக்க விட்டா உப்பி வரும், சீக்கிரம் முளைக்கும். ஆனா முளை விட்டப்புறம் ஈரம் இல்லைன்னா அத்தனையும் கருகிரும். அதனால பாதியைத்தான் ஊறப்போடுவேன். மீதி அப்படியே மண்ணுல கிடக்கட்டும், அடுத்த மழைக்கோ அதுக்கு அடுத்ததுக்கோ முளைக்கும். வறண்ட காட்டுல விதை எல்லாம் ஒரே நாள்ல முளைக்கிறதில்ல, அதனாலதான் அந்தச் செடிங்க அழியாம இருக்கு.

நான்: அம்மாடி

சித்தப்பா: முதல் வருஷமே பூக்குமா அக்கா

அத்தை: தும்பை பூத்துரும். ஆவாரை முதல்ல வேர்தான் விடும், மேல ஒண்ணும் இல்லையேன்னு யாரும் பிடுங்கிராதீங்க. பார்த்தீனியம் தலை காட்டினா மட்டும் பூக்குறதுக்கு முன்னாடி கையுறை போட்டுப் பிடுங்கிரணும்.

சித்தி: ஆவாரைக்கு வெளிர்மஞ்சப் பட்டாம்பூச்சி வருமே மதினி, உங்கம்மா காட்டுவாங்க

அத்தை: ஆமா, இலையிலதான் முட்டை வைக்கும். புழு இலையைத் தின்னா மருந்து அடிச்சிராதீங்க.

தம்பி: பின்கேட்டு சாவி யாருகிட்ட?

சித்தப்பா: அண்ணன்கிட்ட

பெரியப்பா: என்கிட்ட இல்ல, பார்த்துச் சொல்றேன்

நான்: மணல் நான் கொண்டு வர்றேன். எத்தனை மணிக்கு?

அத்தை: வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. நாளைக்கு ராத்திரி ஊறப்போட்டுருவேன், அப்புறம் தள்ளிப் போட முடியாது.

பெரியப்பா: வா. கல்லுக்கு வடக்கே மட்டும் இப்ப விடு. நேர்ல பேசிக்குவோம்.