புலி பார்த்த கதை, பார்க்காத கதை

(இணையக் குழு ஒன்றில் வந்த பதிவும் அதற்கான பின்னூட்டங்களும். ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

பொதிகைக்காத்து

புலிகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராக முண்டந்துறை போயிருந்தேன். ஆறு நாள். புலி கண்ணில் படவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை படித்துவிட்டுத் திட்டாதீர்கள்.

முதல் மூன்று நாள் தடம், எச்சம், நகக்கீறல் தேடுவது. அடுத்த மூன்று நாள் ட்ரான்செக்டில், அதாவது குறித்துவைத்த நேர்கோட்டுப் பாதையில் நடந்து, மான், மிளா எண்ணுவது. மூன்றாம் நாள் காலையில் முன்னால் போன வாட்சர் சட்டென்று நின்றார். ஒரு மரத்தடியில் குனிந்து, தாழ்வாகத் தொங்கிய இலையைத் திருப்பி, "மோந்து பாருங்க தம்பி" என்றார். வாசனை அரிசி வடிக்கிற மணம். அச்சு அசலாகப் பாஸ்மதி. இது என் இடம் என்று புலி மூத்திரம் பீய்ச்சிவிட்டுப் போயிருக்கிறது. இலையின் அடிப்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை. "விடியக்காலம் போயிருக்கு" என்றார் வாட்சர். நான் நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஒரு மந்திகூடக் கத்தவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் வயிற்றைக் கலக்கியது.

ஆனால் மனதில் நிற்பது திரும்பி வந்த பஸ். பாபநாசத்தில் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு அண்ணாச்சி.

"புலி பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"இருக்கா இல்லையான்னே தெரியாத சாமானுக்கு எதுக்குடே இம்புட்டு செலவு?"

அந்த இலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். விக்கிரமசிங்கபுரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். மடியில் வயலுக்கு வாங்கிய உர மூட்டை. அந்த வயலுக்குப் பாய்கிற தண்ணீர் நான் ஆறு நாள் நடந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது. எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போதெல்லாம் பிரியாணி தம் பிரிக்கும் இடத்தில் நின்றால் அவர் முகம்தான் வருகிறது.

தாளவாடி பிக்கப்

அண்ணாச்சியைக் குறை சொல்லாதீங்க. நானும் அந்த ஆள்தான்.

திம்பம் ரோடு தெரியும்தானே? 27 கொண்டை ஊசி வளைவு, முழுக்க சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2022இல் ஐகோர்ட் ராத்திரிப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சொன்னபோது, கடையடைப்பில் முன்வரிசையில் நின்று கத்தினவன் நான். ஒரு புலிக்காக ஒரு தாலுகாவே முடங்கணுமா என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஒன்று குறுகுறுத்தது. அதற்கு ரெண்டு வருஷம் முன்னால் நடந்தது அது.

கோஸ் லோடு. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு வளைவு திரும்பினால் ரோட்டின் நடுவில் குறுக்காக நிற்கிறது. பெண் புலி. நான் வந்ததையே அது கண்டுகொள்ளவில்லை. தலையைத் திருப்பி, தான் இறங்கி வந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. லைட்டை டிம் பண்ணினேன். மெதுவாகக் கடந்து, கைப்பிடிச் சுவர் உடைந்திருந்த இடத்தில் கீழே இறங்கிவிட்டது. சரி, கிளம்பலாம் என்று கியரில் கை வைத்தால், மேட்டுப் பக்கம் புதரிலிருந்து ஒரு குட்டி தலை நீட்டுகிறது. நாய் உசரம்கூட இல்லை. முன்னங்காலைத் தாரில் வைத்தது. எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. பகல் வெயிலில் காய்ந்த தார் சுட்டதோ, லைட் கூசியதோ, தெரியாது.

அப்போது பின்னால் வந்த லாரிக்காரன் ஏர் ஹாரனை அழுத்தினான். வளைவிலேயே ஒதுங்கி என்னைத் தாண்டினான். கிளீனர் பையன் எட்டிப் பார்த்து, "வண்டி ஆஃப் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டான். கையைக் காட்டினேன். பார்த்தான். நன்றாகவே பார்த்தான். "அட, புலிங்களா. போங்க போங்க, மார்க்கெட் போயிரும்."

குட்டி மேட்டுப் பக்கமே ஓடிவிட்டது. தாய் கீழே, குட்டி மேலே, நடுவில் ரோடு. நானும் கியர் போட்டேன். பின்னால் இன்னும் நாலு வண்டி நின்றது.

மூணு மாடு

நீலகிரிப் பக்கம். உங்களுக்குப் புலி என்றால் சிலிர்ப்பு, எங்களுக்குப் பால் கணக்கு. பொதிகைக்காத்து ஆறு நாள் நடந்துவிட்டு பஸ் ஏறினார். நாங்கள் ஏறிப் போக பஸ் கிடையாது.

எங்கள் வீட்டில் மூன்று மாடு இருந்தது. ஒன்று போனது. இழப்பீட்டுக்கு போட்டோ, மாட்டு டாக்டர் சர்ட்டிபிகேட், அப்புறம் அலைச்சல். அம்மா பாதியிலேயே விட்டுவிட்டாள். அது இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு மாடு போனது. இரண்டாவது மாடு அடிபட்ட மறுநாள் நான் சுள்ளி பொறுக்க அந்த ஓடைப் பக்கம் போனேன். பாதி தின்ற மாடு கிடந்தது. அதன்மேல் ஈ மொய்க்கவில்லை. எல்லா ஈயும் கீழே கிடந்தன, கறுப்பு எள் கொட்டினாற்போல. ஒரு காக்கை கவிழ்ந்து கிடந்தது. தொடைச் சதையைக் கீறி உள்ளே ஊதா நிறத்தில் எதையோ தூவியிருந்தார்கள். வாழைக்குப் போடுகிற குருணை மருந்து அந்த நிறத்தில் இருக்கும். புலி மறுபடி இரைக்கு வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அப்போது பதினாறு வயது. வீட்டில் சொன்னேன். "நீ பாக்கல" என்றார் அப்பா. பார்க்கவில்லை என்றே இருந்துவிட்டேன். அந்த வாரம் ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்காம் நாள் ஜீப் ஒன்று வந்து போனது.

2023 ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் மாவட்டத்தில் 10 புலிகள் செத்தன, அதில் 6 குட்டி. இரண்டு, விஷம் வைத்த மாட்டைத் தின்றவை. செய்தியைப் படித்தபோது அந்த ஈக்கள்தான் கண்முன் வந்தன. அண்ணாச்சிக்கு அக்கறை இல்லை என்கிறீர்கள். எங்கள் ஊருக்கு அக்கறை இருந்தது, வேறு மாதிரி அக்கறை.

ஓய்வு பெற்ற வாத்தியார்

நண்பர்களே, எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். புள்ளிவிவரத்தையும் பார்க்க வேண்டும். 1972 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 1,827 புலிகள். 1973 ஏப்ரல் 1 அன்று கார்பெட்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் 9 காப்பகங்களோடு தொடங்கியது. 2006இல் கேமரா வைத்து எண்ணியபோது 1,411. 2022இல் சராசரி மதிப்பீடு 3,682. நம் தமிழ்நாட்டில் 2006இல் 76, 2022இல் 306. ஆகவே அழிகிறது, அழிகிறது என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை.

என் அனுபவம்: வண்டலூரில் பேரனுடன் வெள்ளைப்புலி பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தது.

காட்டுக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். சென்ட் அடித்துக்கொள்ளக் கூடாது. பளீர் நிறச் சட்டை ஆகாது. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட் போடக் கூடாது, குரங்கு ரோட்டுக்கு வந்தால் அதன் பின்னாலேயே சிறுத்தையும் ரோட்டுக்கு வரும். புலியைக் கண்டால் எஞ்சினை அணைத்து, விளக்கைத் தணித்து, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். நடந்து போகும்போது எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, முகம் பார்த்தபடி பின்வாங்க வேண்டும். படம் எடுத்தால் எந்த இடம் என்று போடாதீர்கள், வேட்டைக்காரனும் போன் வைத்திருக்கிறான். பிக்கப் தம்பி அன்று ஹசார்டு லைட் போட்டிருந்தால் பின்னால் வந்தவர்கள் நின்றிருப்பார்கள். வனத்துறை எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பெட்ரோலை மலையேறும் முன்பே நிரப்பிக்கொள்வது உத்தமம்.

உண்ணிச்செடி

வாத்தியார் ஐயா, 306 சரி. ஆனால் அந்த 2006க்கு முன்னால் என்ன நடந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். அதற்கு முன்பெல்லாம் கால்தடத்தின்மேல் கண்ணாடி வைத்துக் கோடு வரைந்து, இது ஒரு புலி, இது இன்னொரு புலி என்று எண்ணினார்கள். ராஜஸ்தானில் சரிஸ்கா காப்பகத்தில் ஏட்டில் புலி இருந்தது. 2005 வாக்கில் போய்ப் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வேட்டையில் போயிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் பன்னாவிலும் 2009இல் அதே கதை. இரண்டு இடத்துக்கும் வெளியிலிருந்து புலி கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. 2018 கணக்கெடுப்பிலும் மேற்கு வங்கத்தின் பக்ஸா, மிசோரத்தின் டம்பா, ஜார்க்கண்டின் பலாமு மூன்றிலும் ஒரு புலியும் சிக்கவில்லை. பேருக்குப் புலிகள் காப்பகம்.

அந்த வெற்றுச் சரிஸ்காவுக்கு நான் போயிருக்கிறேன். அலுவலக நண்பர்களோடு டில்லி வேலையாகப் போனபோது. வாசலில் பெரிய புலிப் படம். கைடு பையன் நேர்மையானவன், ஜீப் கிளம்பும்போதே, "புலி இல்லை, எல்லாம் போய்விட்டது" என்று இந்தியில் சொன்னான். ஜீப்பில் ஐந்து வினாடி அமைதி. அப்புறம் எங்களோடு வந்த அம்மா கேட்டார், "சிறுத்தையாவது உண்டா?" உண்டு என்றான். "அப்போ சரி, போலாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். மதியம் மயிலும் கடமானும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினோம். கடமான் நிறைய. ஒரு புலிக்கு வருஷத்துக்கு ஐம்பது மான் வேண்டும் என்பார்கள். அங்கே சாப்பாடு இருந்தது, சாப்பிட ஆள் இல்லை.

வெயிலாள்

என் கதை சின்னது. சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மாமா ஒருவர் தங்கம் கட்டிய புலிநகத்தைக் குழந்தைக்குப் போட்டார். பயம் அண்டாதாம். நிஜமா என்று கேட்டேன். "பின்னே? எங்க தாத்தா காலத்து நகம்." 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம் மாமா, ஜெயில் என்றேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் என்னைத்தான் குற்றவாளி போலப் பார்த்தார்கள். குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலியாகத்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு பாயசம் குடித்தேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார்

@வெயிலாள், அதை வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். 2003இல் இருப்பைத் தெரிவிக்க ஒரு அவகாசம் கொடுத்தார்கள், அதற்கான நடைமுறை என்னவென்றால்...

பொதிகைக்காத்து

ஐயா, இன்னொரு நாள். பிக்கப் அண்ணன்கிட்ட ஒன்று கேட்கணும். குட்டி அப்புறம் தாண்டிச்சா?

தாளவாடி பிக்கப்

தெரியலைங்க.

மறுநாள் விடிந்து காலி வண்டியோடு ஏறும்போது அதே வளைவில் நிறுத்தினேன். தாரில் ஒன்றும் இல்லை. ஓரத்து மண்ணில் சின்னதாக நாலைந்து தடம், ரோட்டைப் பார்த்து வந்து திரும்பிப் போனது. எதிர்ப்பக்கம் இறங்கிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்தேன்.

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.