புதுப்பிப்பு: அலமாரியை அடைத்த குடைப் பாவாடைகள்

குடைப் பாவாடைகளும் நெட் பெட்டிகோட்டுகளும் புடைத்துக்கொண்டு அலமாரிக் கதவையே மூடவிடவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, இப்போது மூடுகிறது.

நீங்கள் சொன்னவற்றில் பலித்தது பழைய லெக்கிங்ஸ் யோசனைதான். லெக்கிங்ஸின் ஒரு காலை மட்டும் வெட்டியெடுத்து, பெட்டிகோட்டை முறுக்கி அதற்குள் இழுத்துவிட்டேன். இடுப்புப் பட்டி மட்டும் வெளியே. அதை ஹேங்கரில் மாட்டினால் ஒரு சட்டைக்கான இடம்தான். எடுத்து உதறி, தள்ளி நின்று நீராவி காட்டினால் நைலான் நெட் மறுபடி விரிகிறது. சூடான இஸ்திரிப் பெட்டியை நேரடியாக வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.

குடைப் பாவாடைகளை மாட்டவில்லை. வட்டமாக வெட்டியதால் துணி கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வரும் இடங்கள் தொங்கித் தொங்கி நீண்டு, கீழ்விளிம்பு கோணலாகிவிடும். சுருட்டி இழுப்பறையில் வைத்தேன். காட்டன் உள்பாவாடைகளைக் கஞ்சி போடாமல் வைத்தேன். கஞ்சிக்குப் பூச்சி வரும். அப்புறம் நீங்கள் சொன்ன, காற்றை உறிஞ்சித் துணியைத் தட்டையாக்கும் அந்த வாக்வம் பை? நெட் கசங்கிப்போகிறது, எனக்குப் பிடிக்கவில்லை.