பாதி வாக்கியத்தில் நின்றுபோன நாவலில் நான் கண்ட சமயக் கருத்து

ஃப்ரன்ஸ் காஃப்காவின் ‘கோட்டை’ நாவலை, ஒரு கோட்டையின் ஆட்சிக்குட்பட்ட ஊருக்கு, வேலைக்கு அழைக்கப்பட்டதாகச் சொல்லி வரும் நில அளவையாளன் ஒருவன் அதிகாரிகளிடம் படும் பாடாகவே நான் வாசித்துக்கொண்டிருந்தேன். என் வாசிப்பைத் திசைதிருப்பியது அமாலியா என்ற ஊர்ப் பெண்ணின் குடும்பக் கதை. கோட்டை அதிகாரி ஒருவர் அனுப்பிய ஆபாசமான கடிதத்தை அவள் கிழித்து, கொண்டுவந்தவனின் முகத்திலேயே எறிகிறாள். கோட்டையிலிருந்து தண்டனை எதுவும் வரவில்லை. ஊர்தான் அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவைக்கிறது. அவளுடைய தந்தை மன்னிப்புக் கேட்டு அதிகாரிகளின் வாசல்தோறும் ஏறி இறங்குகிறார். எதற்காக மன்னிப்பு, உங்கள் மீது புகாரே இல்லையே என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பதில். மன்னிப்புப் பெற வேண்டுமானால் முதலில் குற்றம் உறுதிப்பட வேண்டும் என்பதால், தன் குடும்பத்தின் குற்றத்தைத் தானே நிறுவப் போராடும் நிலைக்கு அந்த முதியவர் தள்ளப்படுகிறார். குற்றவுணர்வை மட்டும் கொடுத்துவிட்டு, பாவமன்னிப்புக்கு வழி வைக்காத சமயம் எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

பியூர்கல் என்ற செயலாளரின் அறையில் நிகழும் காட்சி இதற்கு நேர்மாறானது. நள்ளிரவில் எதிர்பாராமல் வந்து நிற்கும் மனுதாரரிடம் அதிகாரிகளால் எதையும் மறுக்க முடியாது என்று அவர் நெடுநேரம் விளக்குகிறார். அப்படித் தவறுதலாக உள்ளே வந்திருக்கும் நாயகனோ, அவருடைய கட்டிலில், அவருடைய பாதத்தைப் பிடித்தபடி உறங்கிவிடுகிறான். (திருவடி பற்றுதலைப் பாடல்களில் படித்து வளர்ந்த எனக்கு இந்த இடம் சிரிப்பையும் திகைப்பையும் ஒருசேரத் தந்தது.)

காஃப்கா 1922இல் கைவிட்ட இப்பிரதி, மூதாட்டி ஒருத்தி நடுங்கும் கையை நீட்டி நாயகனை அருகில் அமரவைத்து, சிரமப்பட்டு ஏதோ சொல்லத் தொடங்கும்போது வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. 1926இல் நூலை வெளியிட்ட நண்பர் மாக்ஸ் ப்ரோட், பிற்பகுதியை விட்டுவிட்டே அச்சிட்டார். கோட்டையை இறையருளின் உருவகம் என்றும் விளக்கினார். மரணப் படுக்கையில் கிடக்கும் நாயகனுக்கு, உரிமை இல்லையெனினும் சில சூழ்நிலைகளை முன்னிட்டு ஊரில் வாழ அனுமதி வருவதாக முடிக்கவே காஃப்கா எண்ணியிருந்தார் என்பதும் ப்ரோட் தரும் தகவல்தான்.

அந்த முடிவு எழுதப்பட்டிருந்தால், தாமதமாகவேனும் அருள் வந்து சேரும் என்பதே நாவலின் கருத்தாகியிருக்கும். எழுதப்பட்ட பக்கங்களிலோ அருள் தாமதமாவதில்லை. கேட்க வேண்டியவன் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வந்துவிட்டுப் போகிறது. ஆகவே ப்ரோட் சொன்ன முடிவை ஒதுக்கிவைத்துவிட்டு, பியூர்கலின் அறையையே இந்த நாவலின் சமயக் கருத்துக்குச் சான்றாக நான் கொள்கிறேன்.