லேஅவுட் பூங்காவில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நாட்டுச் செடிகள்: எதை வைக்கலாம், எங்கே கிடைக்கும்?

மாடித்தோட்டம்_கோவை:

வணக்கம் நண்பர்களே. கோவை சத்தி ரோடு பக்கம் ஒரு லேஅவுட்டில் இருக்கிறோம். பொது இடமாக விட்ட நிலத்தில் பேவர் பிளாக் நடைபாதை, ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் வந்துவிட்டது. மிச்சம் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நீளவாக்கில் நாலு சென்ட் சும்மா கிடக்கிறது. மாடியில் காய்கறி போடுகிற சில வீட்டுக்காரர்கள் சேர்ந்து அந்த இடத்தைக் கேட்டிருக்கிறோம். சுயநலம்தான், மறைப்பானேன். பூசணிப் பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துவிடுகிறது, விடிந்ததும் மாடிக்கு ஓடி ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவில் தடவிவிட்டால்தான் காய் நிற்கிறது. ஒரு தேனீயைக் கண்ணால் பார்த்து எவ்வளவு நாளாச்சோ.

நர்சரியில் கேட்டால் மெக்சிகன் பெட்டூனியா, பென்டாஸ், ஹைப்ரிட் இட்லிப்பூ, கொரியன் புல் என்று ஒரு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள், வருஷம் பூரா பூக்குமாம். எங்களுக்கு நம்ம ஊர்ச் செடிதான் வேண்டும், ஆனால் எது நம்ம ஊர்ச் செடி என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை (நித்தியகல்யாணி மடகாஸ்கரில் இருந்து வந்தது என்று யாரோ வாட்ஸ்அப்பில் போட, குரூப்பில் ஒரே சண்டை). அப்புறம் கமிட்டியில் ஒரு பெரியவர், "தேனீயைக் கூப்பிட்டு வைத்தால் குழந்தைகளைக் கொட்டாதா?" என்கிறார். தண்ணீர் டேங்கில் கட்டியிருந்த மலைத்தேனீக் கூட்டை முன்பு ராத்திரியில் கொளுத்தினார்கள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. செடிப் பட்டியல், எங்கே கிடைக்கும், கமிட்டியை எப்படிச் சமாளிப்பது, மூன்றுக்கும் வழி சொல்லுங்கள்.

கறிவேப்பிலைப்புழு:

சென்னையில் எங்கள் அபார்ட்மெண்டில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பூவை மட்டும் பார்க்காதீர்கள். பூ வண்ணத்துப்பூச்சிக்கு ஓட்டல் சாப்பாடு மாதிரி, முட்டையிட அதற்கு வேறு செடி வேண்டும். ஒவ்வொரு இனமும் தன் புழு தின்கிற இலையைத் தேடிப்போய்த்தான் முட்டை வைக்கும், அந்த இலை இல்லாத இடத்தில் எவ்வளவு பூ இருந்தாலும் வந்து குடித்துவிட்டுப் போய்விடும்.

எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் இதில் எது இருந்தாலும் எலுமிச்சை அழகி வரும். அதன் குட்டிப் புழு இலை மேல் காக்கை எச்சம் மாதிரியே கிடக்கும், நிறைய பேர் எச்சம் என்றே நினைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவார்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது விரலால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை மாதிரி ஒரு கொம்பை நீட்டும், புளிச்ச வாடை ஒன்று அடிக்கும். குழந்தைகளுக்கு இதைக் காட்டுங்கள், கமிட்டிப் பெரியவரின் பேரனே உங்கள் கட்சிக்கு வந்துவிடுவான். ஆடுதீண்டாப்பாளையும் பெருமருந்துக்கொடியும் கிடைத்தால் கட்டாயம் வையுங்கள், சிவப்புடல் அழகிக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை. அந்தச் செடியின் நஞ்சைப் புழு உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும், பறவைகள் தொடாது. சரக்கொன்றை, ஆவாரை, தகரை இவற்றில் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். ஒரு எச்சரிக்கை, சரக்கொன்றை என்று கேட்டால் சில இடத்தில் மஞ்சக்கொன்றையைத் தலையில் கட்டுவார்கள். முதுமலையில் காட்டையே மூடிப்போய் வனத்துறை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிற மரம் அது.

இன்னொன்று, 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை எங்கள் பூங்காவுக்கு வரவைக்க முடியுமா என்று யாராவது கேட்பார்கள், எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். முடியாது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு ஆள், அதன் புழு தின்பது மரவெட்டி மரத்தின் இலை.

கமிட்டிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இலையில் ஓட்டை விழும், எருக்கு சில வாரம் மொட்டையாகவே நிற்கும். இதைச் சொல்லாமல் விட்டால் தோட்டக்காரர் பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்தடித்துவிடுவார், அத்தோடு எல்லாம் போச்சு.

கிளுவைவேலி:

காங்கேயம் பக்கமுங்க நாங்க. நாலு சென்ட், அதுவும் சுவரோரமா நீளமா இருக்குன்னு சொல்றீங்க, அது பூங்கா இல்லைங்க, வேலி. எங்க கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்துக்கு நாங்க சொல்ற பேருங்க) காலங்காலமா இருக்கிறது இதுதான். கிளுவைக் கிளையைப் போத்தா வெட்டி நெருக்கமா ஊனினா போதும், மழை பட்டதும் துளிர்த்துக்கும். அதுக்கு நடுவில் சங்கஞ்செடி, காரை, ஆதண்டை எல்லாம் தானா வந்து ஏறும், பிரண்டையும் கோவையும் வேலிப்பருத்தியும் மேலே படரும். யாரும் நட்டதில்லை, குருவி விதை போட்டதுதான். ஆதண்டையில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும், சங்கஞ்செடியில் ஒரு சின்ன ஆரஞ்சு நிறப் பூச்சி, வேலிப்பருத்தியில் மேலே அந்த அம்மணி சொன்ன வெந்தய வரியன். உள்ளே கௌதாரி, ஓணான், கீரி எல்லாம் குடியிருக்கும். இப்போ எல்லாரும் கம்பி வேலி போட்டுட்டு, உயிர்வேலியைப் பொக்லைன் விட்டுப் பிடுங்கி எறியறாங்க, எல்லைத் தகராறும் மிச்சம், அளவும் தெளிவாத் தெரியும்னு. அதைக் குறை சொல்லவும் முடியலைங்க, ஆனா அந்தப் பக்கம் போனா வெறிச்சுன்னு இருக்கு.

கீழே தரையில் தும்பை, துத்தி, கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு இதையெல்லாம் களைன்னு பிடுங்காம விடுங்க. ஐப்பசி கார்த்திகையில் நீல வரியன் கூட்டம் கோவை வழியா மேக்காலே மலைக்குப் போறப்போ கிலுகிலுப்பைச் செடியில் கொத்துக் கொத்தா தொங்கும் பாருங்க. பெரும்பாலும் ஆண் பூச்சிங்க, பூவுக்கு வர்றதில்லை, காய்ஞ்ச இலையையும் தண்டையும் உறிஞ்சும். அதில் இருக்கிற ஒரு கசப்புச் சத்தை வெச்சுத்தான் அதுங்க பெண்ணைக் கூப்பிடற வாசனையைத் தயார் பண்ணுது. தேள்கொடுக்கிலும் அதே கதைதான்.

விதை, போத்து எல்லாம் காசுக்கு வேண்டாங்க, வந்து எடுத்துட்டுப் போங்க. மரக்கன்று வேணும்னா வனத்துறை நாற்றங்காலில் கேளுங்க, புங்கன், சரக்கொன்றை, வில்வம் எல்லாம் இருக்கும்.

கொடிரோஸ்:

ஒரு மாற்றுக் கருத்து. வெளிநாட்டுச் செடி என்றாலே பாவம் மாதிரி பேசுவது எனக்கு ஒத்துவரவில்லை. எங்கள் வீட்டுக் கொடிரோஸில் காலையில் போய் நின்றால் ரீங்காரம்தான், கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் மொய்க்கும். அது மெக்சிகோ செடிதான். கிணற்றடிப்பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அதில் மேயாத வண்ணத்துப்பூச்சி கிடையாது. உண்ணிச்செடி காட்டை அழிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், அதை வைக்கவேண்டாம். ஆனால் பரவாத செடியை, சித்திரை வெயிலில் நம்ம ஊர்ச் செடி பாதி காய்ந்து நிற்கும்போது பூக்கிறதை, ஏன் ஒதுக்கவேண்டும்?

கறிவேப்பிலைப்புழு:

@கொடிரோஸ் ஒதுக்கச் சொல்லவில்லை, இருப்பதைப் பிடுங்கவும் சொல்லவில்லை. காசு போட்டுப் புதிதாக வைக்கிற நாலு சென்டில் எதற்கு முதலிடம் என்பதுதான் கேள்வி. நீங்கள் சொன்னது எல்லாமே தேன் குடிக்க வருகிற கூட்டம். சித்திரையில் பூ வேண்டுமென்றால் சரக்கொன்றை அப்போதுதான் பூக்கும், அதுவே புழுவுக்கு இலையும் ஆகிறது. ஒரே செடியில் இரண்டு வேலை.

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:

யாரும் தேனீயைப் பற்றிச் சரியாகச் சொல்லவில்லை, அதனால் நான். தலைமுறையாகப் பெட்டி வைக்கிற குடும்பம், எனவே பெட்டி வாங்கி வையுங்கள் என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். வேண்டாம். பெட்டி வைப்பது ஒரு தொழில், ஆடு வளர்ப்பது போலத்தான், பூ இல்லாத மாதத்தில் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும், எறும்பு, மெழுகுப்பூச்சி, நோய் எல்லாம் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்கிற தாய் சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் வந்து எங்கள் பக்கம் பெட்டி பெட்டியாகக் காலியானதை அப்பா இன்றைக்கும் சொல்லுவார். கமிட்டி ஆளுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அதோடு, மாடித்தோட்டக்காரர்களுக்குப் பெட்டித் தேனீ பாதி வேலைதான் செய்யும். பூசணிக்கு உதவும், சரி. கத்தரி, தக்காளிப் பூவை எடுத்துப் பாருங்கள், மகரந்தப்பை குழாய் மாதிரி மூடியிருக்கும். கத்தரியில் நுனியில் சின்னத் துளை மட்டும்தான். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால்தான் தூள் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டு என்று நாம் பயப்படுகிறோமே, மரத்தைத் துளைக்கிற பெரிய கறுப்பு ஆள், அதுவும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட குட்டித் தேனீ மாதிரி வேறு சிலதும்தான் அதைச் செய்யும். ஆவாரம்பூவும் அதே ரகம், தேன் கிடையாது, தூள் மட்டும்தான், அதிரவைத்து எடுத்துப்போவார்கள். அதனால் சுவரோரம் நாலு ஆவாரைச் செடி நின்றால் அந்தக் கூட்டம் உங்கள் பக்கமே சுற்றும், மாடிக் கத்தரிக்கும் வரும். முருங்கைக்கும் கருவண்டுதான் பெரிய துணை. புடலை, சுரை எல்லாம் பொழுது சாய்ந்து பூப்பது, அதற்கு அந்துப்பூச்சி வரவேண்டும். ராத்திரி முழுக்க ஃபோகஸ் லைட் எரிகிற பூங்காவில் அது திணறும், பத்து மணிக்காவது அணைக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம் வீடு. உலகத்தில் சுமார் 20,000 வகைத் தேனீ இருக்கிறது, பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை, பாதிக்கு மேல் மண்ணுக்குள் வளை தோண்டுகிறவை. பேவர் பிளாக் போட்டால் அவை எங்கே போகும்? உங்கள் நாலு சென்டில் வெயில் படுகிற ஒரு மூலையை வெறும் மண்ணாக, தண்ணீர் தேங்காமல், கொத்தாமல் விடுங்கள். காய்ந்த முருங்கைக் கட்டை இரண்டைச் சாய்த்து வையுங்கள், கருவண்டு துளைத்துக்கொள்ளும். ரோஜா இலையில் வட்ட வட்டமாகக் கத்தரித்தது போல் இருந்தால் மருந்தடிக்காதீர்கள், இலைவெட்டித் தேனீ கூட்டுக்குள் ஒட்ட எடுத்துப்போகிறது, செடிக்கு ஒன்றும் ஆகாது. பழைய சுவர் இடுக்கில் பிசின் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீ வாசல், சிமெண்ட் பூசி அடைத்துவிடாதீர்கள், அதற்குக் கொடுக்கே கிடையாது.

பெரியவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பூவில் மேய்கிற தேனீ, பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கூட்டுக்குப் பக்கத்தில் போய்க் கலைத்தால்தான் ஆபத்து, அதுவும் மலைத்தேனீயிடம். அதைக்கூடக் கொளுத்த வேண்டியதில்லை, பூ சீசன் முடிந்தால் தானே கிளம்பிவிடும். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டி விடுங்கள், கல்லெறிகிற பையன்களைப் பிடித்து வையுங்கள்.

மாடித்தோட்டம்_கோவை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கத்தரிக்குப் பெட்டித் தேனீ உதவாது என்பது இங்கே யாருக்குமே தெரியாது, குரூப்பில் போட்டதும் பெரியவரே "அப்ப அந்தக் கருவண்டை அடிச்சிருக்கக் கூடாதா" என்று கேட்டார். எருக்குக்கு மட்டும் எதிர்ப்பு இருக்கிறது, வாசலுக்கு நேரே ஆகாதாம், பின் மூலையில் வைக்கிறோம் என்று சமாதானம் ஆகியிருக்கிறது. ஃபோகஸ் லைட் பேச்சுவார்த்தையில் இருக்கிறது, பெண்கள் நடைபயிற்சி முடித்த பிறகு அணைக்கலாம் என்கிறார்கள்.

ஒரே சந்தேகம். மழைக்காலத்தில் சாயங்காலம் கொசுப்புகை அடிக்க வண்டி வரும். அதைத் தடுக்க முடியாது, டெங்கு பயம். என்ன செய்யலாம்?

தேன்பெட்டி_மார்த்தாண்டம்:

வண்டிக்காரரிடம் சாக்கடைப் பக்கம் அடிக்கச் சொல்லி, செடி வரிசைக்கு நேரே குழாயைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஆள் கூடவே நடந்தால் கேட்பார்கள். இருட்டும் நேரத்தில் பகல் தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும், அந்துப்பூச்சிதான் மாட்டும். புகை வளர்ந்த கொசுவைத்தான் கொல்லும், புழு தொட்டியிலும் டயரிலும்தான் வளர்கிறது, அதை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் வண்டியைக் கூப்பிடுகிற தேவையே குறையும். செடிக்குப் பூச்சிமருந்து மட்டும் யார் சொன்னாலும் வேண்டாம், நர்சரியில் வாங்கும்போதே என்ன அடித்தீர்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கிளுவைவேலி:

போத்துக்கு ஐப்பசி மழைக்கு முன்னாடியே வந்துடுங்க, விடியக்காலமே வந்தீங்கன்னா வெட்டிக் கட்டித் தர்றேன். பிக்கப் வண்டியா எடுத்துட்டு வாங்க, காரில் வெச்சா முள்ளு சீட்டைக் கிழிச்சுடும்.