பெருந்தொற்று அலையில் எலும்பு அறுவை: எதைத் தள்ளலாம்?

கேள்வி:
கோவிட் போன்ற அலை எழும்போது ஆர்த்தோ தியேட்டர் (எலும்பு அறுவை அரங்கு) பட்டியலை எப்படிப் பிரிப்பது? இடுப்பெலும்பு முறிவையும் தள்ளிவைக்கலாமா?

பதில் 1:
கூடவே கூடாது. முதியவர்களின் இடுப்பு முறிவை 36 முதல் 48 மணி நேரத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும். படுத்தே கிடந்தால் நிமோனியா, ரத்தக்கட்டு, படுக்கைப்புண் எல்லாம் வரும். திறந்த முறிவும் (தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்டது) மூட்டுச் சீழும் காத்திருக்காது. முழங்கால் மாற்று அறுவையைத் தள்ளலாம்தான்; ஆனால் அந்த மாதங்களில் தொடைத் தசை மெலிந்து, மூட்டு இறுகிவிடும். இதை யாரும் நோயாளியிடம் சொல்வதில்லை என்பதே வருத்தம். கால் நீட்டிப் பிடிக்கும் பயிற்சியையாவது வீட்டிலேயே செய்யச் சொல்லுங்கள்.

பதில் 2:
ட்ரில், ரம்பம், ரீமர் (எலும்பைக் குடையும் கருவி), பல்ஸ் லவாஜ் (நீரைப் பீய்ச்சிக் கழுவும் கருவி) எல்லாமே ரத்தத்துளியைத் தூவும். என்95 மாஸ்க்கோடு முகத்தை மூடும் ஷீல்டும் வேண்டும். ட்ரில் நுனிக்குப் பக்கத்திலேயே சக்ஷன் (உறிஞ்சு) குழாயைப் பிடியுங்கள். முடிந்தவரை முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்தால் தொண்டையில் குழாய் இறக்க வேண்டியதில்லை.

பதில் 3:
கரையும் தையல் போட்டால் பிரிக்க வர வேண்டாம், ஒரு நடை மிச்சம்.

கேள்வி கேட்டவர்:
தொற்று வந்து குணமானவருக்கு?

பதில் 1:
அவசரமில்லாத அறுவைக்கு 7 வாரம் பொறுக்கச் சொன்னது 2021 வழிகாட்டல். தடுப்பூசியும் ஓமிக்ரானும் வந்தபின் அது தளர்ந்தது. மூச்சுத்திணறல் மிச்சமிருந்தால் இன்னும் பொறுப்பதே நல்லது.