புதுப்பிப்பு: ரோயிங் மெஷின் சீட்டுக்கு மெத்தை போட்ட கதை

போன மாசம் கேட்டிருந்தேன்: வீட்டு ரோயிங் மெஷினில் (முன்னும் பின்னும் நகருற சீட்டில் உட்கார்ந்து, படகுத் துடுப்புப் போடுற மாதிரி இழுக்கிற உடற்பயிற்சிக் கருவி) பத்து நிமிஷம் தாண்டினாலே அடிமுதுகு பிடிச்சுக்குது, சீட்டுக்கு மெத்தை போடலாமான்னு. மெத்துன்னு இருக்கட்டும்னு முதலில் தலையணையை மடிச்சுக் கட்டினேன். அது தப்பு. இடுப்பெலும்பு பஞ்சுக்குள்ளே புதைஞ்சு பின்னால் சாயுது, முதுகு வில்லா வளையுது. வலி கூடிடுச்சு.

அப்புறம் தருமபுரி நாலு ரோடு பக்கம் பைக் சீட் தைக்கிற அண்ணன்கிட்ட சீட்டையே கழற்றிக் கொண்டுபோனேன். அழுத்தினா லேசா மட்டும் அமுங்குற ஹார்டு ஃபோம், 2 செ.மீ. கனம். வால் எலும்பு படுற இடத்தில் பள்ளம் வெட்டச் சொன்னேன். "வழுக்குற ரெக்சின் வேணாம் தம்பி, சொரசொரப்பானது போடுறேன்"னார். அவர் சொன்னதுதான் சரி. இழுக்கும்போது சீட்டு மேலே உடம்பு வழுக்கவே இல்லை.

கூடவே கால் வைக்கிற பலகையை ஒரு துளை கீழே இறக்கினேன். இப்போ முன்னால் வரும்போது முதுகை வளைக்காம இடுப்பிலிருந்தே குனிய முடியுது. காலால் தள்ளி முடிச்ச பிறகுதான் முதுகைச் சாய்க்கிறேன், கை கடைசி. நேற்று 20 நிமிஷம் ஓட்டிட்டு எழுந்து நேரா நிமிர்ந்தேன்.

வலி கால்வரைக்கும் இறங்குது, மரத்துப்போகுதுன்னா மெத்தையில் நேரம் போக்காம டாக்டரைப் பாருங்க.